வெறும் பைக்கு வழக்கில்லை

நீதிமன்றத் தீர்ப்பை இலக்கியமாக எடுத்துப் படிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. வழக்கறிஞர் தமக்கு வேண்டிய பத்தியைப் படிப்பார். கட்சிக்காரர் கடைசி வரியைப் படிப்பார். மற்றவர்க்குச் செய்தித்தாளின் தலைப்பே போதும். ஆயினும் தீர்ப்பும் ஒரு படைப்புத்தான். அதிலே கதை உண்டு, கதை சொல்வார் உண்டு, கதைத் தலைவன் உண்டு. எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்ற தேர்வும் உண்டு. நாடகத்தையும் நவீனத்தையும் திறனாயும்போது நாம் கேட்கும் கேள்விகளை அதனிடமும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நவீனம் பொய்த்தால் படித்தவனுக்கு ஒரு மாலைப்பொழுது வீண். தீர்ப்பு பொய்த்தாலோ, அதைக் கண்ணாலும் காணாத ஒருவன் நடுத்தெருவிலே சுவரைப் பார்த்துக் கைகளைத் தூக்கி நிற்க நேரிடும்.

அத்தகைய தீர்ப்பு ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1968 ஜூன் 10-ஆம் நாள் வழங்கியது. டெரி எதிர் ஓகையோ அரசு என்பது வழக்கின் பெயர். கைது செய்வதற்குப் போதிய காரணம் இல்லாத நிலையிலும், தெருவில் போகும் ஒருவனைக் காவலர் நிறுத்தி, அவன் உடலைத் தடவிப் பார்க்கலாமா என்பது கேள்வி. பார்க்கலாம் என்றனர் எட்டு நீதிபதிகள். கூடாது என்றார் ஒருவர். 'நியாயமான ஐயம்' என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் இன்று நாள்தோறும் உச்சரிக்கும் அளவுகோல் இத்தீர்ப்பின் வயிற்றிலேதான் பிறந்தது.

கதையைக் கேளுங்கள். 1963 அக்டோபர் 31, பிற்பகல் இரண்டரை மணி. கிளீவ்லாந்து நகரத்தின் கடைத்தெரு. மெக்ஃபேடன் என்ற துப்பறியும் காவலர் சீருடையின்றி வருகிறார். காவல் பணியில் 39 ஆண்டு, துப்பறிவாளராக 35 ஆண்டு, அந்த வட்டாரத்திலேயே 30 ஆண்டு கழித்தவர். அங்கே அவருக்கு இட்ட வேலை கடைத்திருடரையும் சட்டைப்பை திருடரையும் பிடிப்பது. ஒரு தெருமுனையில் இருவர் நிற்கிறார்கள். முன்பின் பார்த்திராத முகங்கள். 300, 400 அடி தொலைவில் ஒரு கடைவாயிலில் ஒதுங்கி நின்று அவர்களைக் கவனிக்கிறார். ஒருவர் நடந்து போய் ஒரு கடையின் கண்ணாடிச் சன்னலுக்குள் பார்க்கிறார், சற்றுத் தள்ளிப் போகிறார், திரும்புகிறார், மீண்டும் பார்க்கிறார், நண்பரிடம் வந்து பேசுகிறார். பிறகு அடுத்தவர் அதையே செய்கிறார். இப்படி ஆளுக்கு ஐந்தாறு தடவை. மூன்றாமவர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போகிறார். பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழிந்ததும் இருவரும் அவர் போன திசையில் நடக்கிறார்கள். கொள்ளைக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்று காவலருக்கு ஐயம். துப்பாக்கி இருக்குமோ என்ற அச்சம். மூவரும் ஓரிடத்தில் நிற்கும்போது நெருங்கித் தாம் யார் என்று சொல்லிப் பெயர் கேட்கிறார். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. உடனே டெரியைப் பற்றிச் சுழற்றி மற்ற இருவர்க்கும் தமக்கும் நடுவில் நிறுத்தி, மேலுடையின் மீது கைகளால் தடவுகிறார். மேலங்கியின் உள்ளே கைத்துப்பாக்கி! இரண்டாமவரிடமும் ஒன்று! மூன்றாமவரிடம் எதுவுமில்லை.

விறுவிறுப்பான கதை, அதைச் சொன்னவர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். கலை தெரிந்த எழுத்து. காலடிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். சன்னலருகே மீண்டும் மீண்டும் அவர்களை நடக்க விட்டுப் படிப்பவன் நெஞ்சிலும் ஐயத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறார். துப்பாக்கி வெளிப்படுவதற்கு முன்பே, 'தடவித்தான் பாரேன்!' என்று நம்மையே சொல்ல வைத்துவிடுகிறார். அதுதான் அவருடைய வெற்றி. அதே இடத்திலேதான் என் வழக்கும் தொடங்குகிறது.

இந்தக் கதை முழுவதும் யாருடைய கண்ணால் பார்க்கப்படுகிறது? கடைவாயிலில் ஒதுங்கி நின்ற காவலரின் கண்ணால். நடைபாதையில் நின்ற மனிதனின் கண்ணால் ஒரு வரியேனும் இல்லை. கதை சொல்பவர் காவலரோடு அந்த வாயிலிலே போய் நின்றுகொண்டார். பிறகு அங்கிருந்து வெளியே வரவேயில்லை.

அதனால் விடுபட்டவை என்னென்ன? டெரியும் அவருடைய நண்பரும் கறுப்பினத்தவர், மூன்றாமவர் வெள்ளையர். 1963-இல், அமெரிக்க நகரம் ஒன்றில், வெள்ளைக் காவலர் ஒருவர் இரு கறுப்பரைப் பார்த்து ஐயுற்ற நிகழ்ச்சியைச் சொல்லும்போது அந்த ஒரு செய்தி தேவையில்லாததா? தீர்ப்பின் கதைப் பகுதியைத் தலைகீழாகப் புரட்டினாலும் அது கிடைக்காது. கறுப்பின மக்களைக் காவல்துறையில் சிலர் துன்புறுத்துவதாக முறையீடு இருப்பதைப் பொதுவாக ஓரிடத்தில் வாரன் குறிப்பிடுகிறார். சான்றை விலக்குவதால் அந்தக் கொடுமை நின்றுவிடாது என்றும் சொல்லி மேலே போகிறார். நோயின் பெயர் ஏட்டிலே உண்டு, நோயாளியின் பெயரில்லை.

இன்னொன்று. டெரிக்காக வாதாடியவர் லூயி ஸ்டோக்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர். பின்னாளில் ஓகையோவிலிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்குச் சென்ற முதற் கறுப்பர் அவரே. குறுக்கு விசாரணையில் அவர் காவலரிடம் ஒரு கேள்வி போட்டார்: இத்தனை ஆண்டுப் பணியில், கொள்ளைக்காக ஓரிடத்தை நோட்டமிடும் ஆளை எப்போதேனும் கண்டதுண்டா? உண்மையைச் சொன்னால் இல்லை என்று விடை வந்தது! அந்த நேர்மைக்காக மெக்ஃபேடனை மதிக்கிறேன். ஆனால் 39 ஆண்டு அனுபவத்தைப் பொன்னெழுத்தில் பொறித்த தீர்ப்பு, அந்த அனுபவத்தில் இந்தக் குற்றம் மட்டும் இல்லை என்ற விடையைப் பொறிக்கவில்லை. முதலில் தம் கண்ணை ஈர்த்தது எது என்று திட்டமாகச் சொல்ல அவரால் இயலவில்லை; பார்வைக்கு அவர்கள் சரியாகப்படவில்லை என்றார். இவை தீர்ப்பிலேயே உள்ளவை. அதே தீர்ப்புத்தான் சில பக்கங்கள் தள்ளி, சொல்லத் தெரியாத உள்ளுணர்வு போதாது, எடுத்துச் சொல்லக்கூடிய திட்டமான உண்மைகள் வேண்டும் என்று சட்டம் வகுக்கிறது. சட்டம் ஒரு பக்கம், அதைப் பெற்றெடுத்த கதை மறு பக்கம்! கீழ்மன்ற நீதிபதி கூட, கைது செய்யத் தக்க காரணம் இருந்தது என்ற அரசுத் தரப்பு வாதத்தை, உண்மைகளை அளவுக்கு மீறி இழுப்பதாகும் என்று தள்ளியவரே. ஆயினும் துப்பாக்கி சான்றாக ஏற்கப்பட்டது. டெரிக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை.

வாரனுக்கு உரிய புகழை மறைக்க நான் விரும்பவில்லை. தடவிப் பார்ப்பது ஓர் அற்பச் செய்கை, அதற்கு அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் எதற்கு என்று வாதித்தவர்களை அவர் ஓங்கி அறைந்தார். பொது இடத்தில், கைகளை உயர்த்தி நிற்கும் குடிமகன் உடலெங்கும் காவலரின் விரல்கள் ஊர்வது பெரும் மானக்கேடு, மனக்கொதிப்பை மூட்டுவது என்றே எழுதினார். ஆயுதம் தேடும் அளவுக்கு மட்டுமே அந்தக் கை போகலாம் என்று வேலியும் போட்டார். காவலர் உயிருக்கு அஞ்சும் அச்சம் பொய்யன்று. துப்பாக்கி மலிந்த நாட்டில் அது நாள்தோறும் மெய்ப்படும் அச்சம். அதை எண்ணிப் பார்க்காத நீதிபதி நல்ல நீதிபதியாக இருக்க முடியாது.

எதிர்த்து எழுதியவர் டக்ளஸ் ஒருவரே. சோதனைக்கு ஆணை கேட்டு நீதிபதியிடம் போனால் தக்க காரணம் காட்ட வேண்டும், காட்டாவிடில் நீதிபதியே ஆணை தர இயலாது. அந்த நீதிபதிக்கில்லாத அதிகாரத்தைத் தெருவில் நிற்கும் காவலருக்குக் கொடுக்கிறீர்களே என்றார் அவர். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் மக்கள் கூடி அரசியல் சட்டத்தைத் திருத்திக் கொடுக்கட்டும் என்றார். எட்டுப் பேரின் எழுத்து அழகு. அந்த ஒருவரின் எழுத்திலோ அழகு குறைவு, அறிவு கூர்மை. இந்த வாதத்துக்கு அந்தத் தீர்ப்பில் நேரான விடை எனக்குக் கிட்டவில்லை.

இங்கே சிலப்பதிகாரம் நினைவுக்கு வராத தமிழர் யார்? கொலைக்களத்தில் காவலர் கோவலனைப் பார்த்தபோது, இவன் முகத்தில் கள்வனுக்குரிய குறி இல்லையே என்று தயங்கினார்கள். நேரில் கண்ட கண்ணுக்கு ஐயம் எழவில்லை! பொற்கொல்லன்தான் சிரித்துக்கொண்டே கள்வரின் நூலைப் பிரித்தான். கள்வருக்கு எட்டுத் துணைகள் உண்டென்று பட்டியலிட்டான். முன் நடந்த களவுக் கதைகளைச் சொன்னான். கள்வர் எப்படிப்பட்டவர் என்ற பொது நூல், எதிரே நின்ற தனி மனிதனை விழுங்கிவிட்டது. கல்லாத காவலன் ஒருவன் வாளை வீசினான். 'என் நெடுநாள் அனுபவத்தில் இப்படிப்பட்டவர்கள்' என்று எந்தச் சாட்சி தொடங்கினாலும், அந்தப் பொற்கொல்லனின் எட்டுத் துணைகள் என் காதில் ஒலிக்கின்றன.

பிறகு கண்ணகி வந்தாள். மதுரை அவையில் அவள் தொடுத்தது மேல்முறையீடன்றி வேறென்ன? தண்டனை நிறைவேறிய பின் வந்த மேல்முறையீடு! தேவியின் சிலம்பில் முத்து, அவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, மன்னன் வீழ்ந்தான். குற்றமற்றவனின் சிலம்பு அவையேறியதால்தான் அந்தத் தீர்ப்பு திருந்தியது.

அமெரிக்க மேல்முறையீட்டு மன்றத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. காவலர் நிறுத்துகிறார், தடவுகிறார். ஒன்றும் இல்லையா, போகலாம் என்கிறார். வழக்கில்லை, குற்றச்சாட்டில்லை, தண்டனையில்லை. ஆகவே மேல்முறையீடும் இல்லை. ஏதேனும் அகப்பட்டால்தான் வழக்கு. அகப்பட்டவன், சோதனை சட்டத்துக்கு மாறானது, எனவே அந்தச் சான்றை விலக்குங்கள் என்று மனுப் போடுகிறான். இந்த உரிமையை மாநில நீதிமன்றங்களுக்கும் விரித்த 1961-ஆம் ஆண்டு மேப் வழக்கும் அதே கிளீவ்லாந்தில் எழுந்ததே. மனு தள்ளுபடியானால் தண்டனை. தண்டனைக்குப் பின் மேல்முறையீடு. இந்த வழியில் வந்து நிற்பவன் ஒவ்வொருவன் சிலம்பை உடைத்தாலும் தெறிப்பது முத்தே! மாணிக்கம் வைத்திருந்தவர்கள் அவைக்கு வருவதில்லை. தெருவோடு போய்விட்டார்கள், சட்டையைச் சரிசெய்துகொண்டு.

மேல்மன்ற நீதிபதி விடை காண வேண்டிய கேள்வி, அந்தக் கை உடலில் படுவதற்கு முந்திய நொடியில் ஐயம் நியாயமானதா என்பது. கிடைத்த பொருளைக் கொண்டு அதை அளக்கலாகாது என்பது சட்டம். ஆனால் கட்டைப் பிரிக்கும்போதே, கிடைத்தது என்ன என்பதை அவர் படித்துவிடுகிறார். ஐயம் மெய்யாகிவிட்ட வழக்குகளை மட்டுமே ஆண்டு முழுவதும் படிக்கும் ஒருவருக்கு, ஐயம் என்பதே பெரும்பாலும் மெய்யாகும் என்று தோன்றாதிருக்க அவர் என்ன முனிவரா? 1996-இல் ஆர்னெலஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், ஐயம் நியாயமானதா என்பதை மேல்மன்றம் தானே புதிதாக ஆராய வேண்டும் என்றது, நல்லது. அதே மூச்சில், உள்ளூர் நீதிபதியும் காவலரும் அனுபவத்தால் ஊகித்தவற்றுக்கு உரிய மதிப்பும் தரவேண்டும் என்றது. கடைவாயிலை விட்டு வெளியே வந்த கால் மீண்டும் உள்ளே போயிற்று.

மேல்முறையீட்டில் வென்றவர்களே இல்லையா? உண்டு. டெரி தீர்ப்பு வந்த அதே நாளில் சிப்ரன் என்பவர் வென்றார். மாலை நான்கு மணி முதல் நள்ளிரவு வரை போதைப் பழக்கமுள்ளவர்களோடு அவர் பேசியதைக் கண்ட காவலர், என்ன பேச்சென்று கேளாமலே அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டார். அது செல்லாது என்றாயிற்று. 1993-இல் டிக்கர்சன் வழக்கில், ஆயுதமில்லை என்று தெரிந்த பின்னும் சிறு உருண்டை ஒன்றைக் காவலர் துணியோடு நசுக்கிப் பார்த்து, ஒரு கிராமில் ஐந்திலொரு பங்கு போதைப்பொருளைக் கண்டெடுத்தது செல்லாது என்றாயிற்று. 2000-இல், பேர் சொல்லாத யாரோ தொலைபேசியில் சொன்னதை நம்பி, பேருந்து நிறுத்தத்தில் நின்ற கறுப்பினச் சிறுவனைத் தடவியது தவறென்று ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதே ஆண்டில் வார்ட்லோ வழக்கில், குற்றம் மலிந்த பகுதியில் காவலரைக் கண்டு ஓடினால் நிறுத்தலாம் என்று ஐவர் சொல்ல, நால்வர் மறுத்தனர். குற்றமற்றவனும் காவலரைக் கண்டு ஓடுவான், அவனுக்கு அஞ்சக் காரணம் உண்டு என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார். கேட்பதற்கு எளிய உண்மை. ஆனால் அப்படி ஓடி, பிடிபட்டு, பை வெறுமையாயிருந்ததால் விடப்பட்டவன் எவனும் அம்மன்றத்தில் நிற்கவில்லை. அவனைக் கற்பனையில்தான் அழைத்துவர வேண்டியிருந்தது.

வெறும் பைக்காரன் இழப்பீடு கேட்டு உரிமை வழக்குத் தொடரலாமே என்பர். தொடரலாம். பத்து நிமிட அவமானத்துக்குச் சில ஆண்டு வழக்கு, கைப்பொருள் செலவு. வென்றாலும் கிடைப்பது சொற்பம். காவலருக்கோ பதவிப் பாதுகாப்பு என்ற கவசம். தனி ஒருவன் எத்தனை நாள் தாங்குவான்?

ஒருமுறை அவர்கள் கூட்டமாக வந்தார்கள். நியூயார்க் நகரத்தை எதிர்த்த ஃபிளாய்ட் வழக்கு; ஒன்பது வார விசாரணை. 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் எழுதிய தீர்ப்பை, டெரி தீர்ப்பின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன். நடை வறண்டது; வாரனின் மெருகு இல்லை. ஆனால் நடைபாதையில் நின்றவன் அங்கே வாய் திறக்கிறான். 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அந்நகரக் காவலர் தெருவில் நிறுத்தியது 44 இலட்சம் தடவை. அவற்றில் 52 விழுக்காட்டில், ஏறத்தாழ 23 இலட்சம் தடவை, உடலைத் தடவினார்கள். ஆயுதம் கிடைத்தது நூற்றுக்கு ஒன்றரை! மீதி 98.5 விழுக்காடும் வெறுங்கை. நிறுத்தப்பட்டவர்களில் 52 விழுக்காடு கறுப்பர், 31 விழுக்காடு இஸ்பானியர், 10 விழுக்காடு வெள்ளையர்.

தீர்ப்பின் சொற்கள் தெருவுக்கு வந்து என்ன ஆயின என்பதையும் அங்கே காணலாம். எடுத்துச் சொல்லக்கூடிய திட்டமான உண்மைகள் வேண்டும் என்றார் அல்லவா வாரன்? அவற்றைக் கட்டம் போட்டு அச்சடித்துவிட்டார்கள்! காவலர் டிக் அடித்தால் போதும். 'கள்ளத்தனமான அசைவு' என்று ஒரு கட்டம். அதற்குப் பொருள் என்னவென்று சாட்சிக் கூண்டில் கேட்டபோது, திசை மாறி நடப்பது, ஒருவிதமாக நடப்பது, நிலைகொள்ளாமல் இருப்பது என்றார் ஒரு காவலர். கட்டடத்தின் முன்னே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என்றார் இன்னொருவர். என்ன குற்றம் பற்றி ஐயம் என்பதையே திட்டமாகக் குறிக்காத படிவங்கள் 2004-இல் நூற்றுக்கு ஒன்று. 2009-இல் நூற்றுக்கு 36. உள்ளுணர்வுக்கு ஒரு படிவம் கிடைத்துவிட்டது, அவ்வளவே.

நகரத்தின் செயல் அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பாயிற்று. வெறும் பைக்காரர்கள் வென்ற அந்த வழக்கிலும் மேல்முறையீடு உண்டு. அதைச் செய்தது நகராட்சி! 2014-இல் புதிய மேயர் வந்த பிறகுதான் அது கைவிடப்பட்டது. துப்பாக்கிகள் தெருவை ஆளும் என்று பயங்காட்டியவர்களுக்கு ஒரு கணக்கு: 2011-இல் மட்டும் 685,724 நிறுத்தங்கள், அந்த ஆண்டு நகரில் கொலைகள் 515. நிறுத்தங்கள் மிகமிகக் குறைந்துபோன 2017-இல் கொலைகள் 292. ஒன்றால்தான் மற்றொன்று என்று நான் சொல்ல வரவில்லை. வரும் என்று சொன்ன பேரழிவு வரவில்லை.

உச்சநீதிமன்றத்தின் ஏடுகளில், கடைவாயிலை விட்டு வெளியே வந்து எழுதப்பட்ட பக்கங்கள் என்று எனக்குத் தோன்றுபவை 2016-இல் ஸ்ட்ரீஃப் வழக்கில் நீதிபதி சோனியா சோட்டோமேயர் எழுதிய மறுப்பின் கடைசிப் பகுதி. காவலர் உன்னை நிறுத்தலாம், இதைச் செய்யலாம், அடுத்து இதைச் செய்யலாம் என்று படிப்பவனை முன்னிலையில் நிறுத்தி வரிசையாகச் சொல்லிப் போகிறார். அந்த வழக்கில் பிடிபட்டவர் வெள்ளையர். யாருக்கும் இது நேரலாம் என்பதற்கு அதுவே சான்று என்கிறார். ஆனால் அதிகமாக நேர்வது யாருக்கு என்பது ஊரறிந்ததே என்றும் எழுதுகிறார். சட்ட நூல்களோடு டூபாய்ஸ், ஜேம்ஸ் பால்ட்வின் ஆகிய கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களையும் அவர் சான்று காட்டினார். சட்டத்தின் ஏட்டில் கிடைக்காத சாட்சியை இலக்கியத்தின் ஏட்டில் தேடிப் போனார் என்றே இதை நான் படிக்கிறேன். அதுவும் தோற்ற பக்கத்தின் எழுத்துத்தான், ஐவர் எதிர்ப்பக்கம்.

டெரி தீர்ப்பை அண்மையில் மறுபடி படித்தபோது, முதல் வாசிப்பில் கவனியாது விட்ட ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அந்தக் கடைத்தெருவில் தடவிப் பார்க்கப்பட்ட மூன்றாமவர் நினைவிருக்கிறதா? இந்த வழக்கு முழுவதிலும் வெறும் பையோடு நின்ற ஒரே மனிதர் அவர். வாரன் அவரை மறக்கவில்லை. மூன்றாமவரின் மேலுடையைத் தடவியபோது ஆயுதம் எதுவும் தென்படாததால், காவலர் அவருடைய உடைக்குள்ளே கைவிடவில்லை என்று எடுத்துக்காட்டுகிறார். காவலர் அளவோடு நடந்தார் என்பதற்கு அது சான்று. அவரை ஏன் தடவ வேண்டியிருந்தது என்ற கேள்வி மன்றத்தின் முன் இல்லை. அவர் மேல்முறையீடு செய்தவரல்லர்.